கம்பியைக் கழற்றிவிட்டு வர வேண்டுமாம்

தனியார் காருக்கு 15 ஆண்டு முடிந்தால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றை, புதுப்பிக்க வேண்டும்; அப்புறம் 5 ஆண்டுக்குக் கவலை இல்லை. சரி, சட்டம் அது. அதற்காக இப்படியா அலைய விடுவது?

போலியோவால் எனக்கு இரண்டு காலிலும் பலமில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கம்பி வைத்திருக்கிறேன். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். அதன் ரப்பர் பிடி என் உள்ளங்கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி இந்த மாற்றத்தை ஆர்சியிலும் ஏற்றியிருக்கிறேன். அந்த ஆர்சியைப் பிரித்தே பார்க்காமல், “இதைக் கழற்றிட்டு வாங்க” என்கிறார் ஆர்டிஓ ஆபீஸ் ஆய்வாளர். கழற்றினால் வண்டியை யார் ஓட்டிக்கொண்டு வருவது?

கெஞ்சிய பிறகு வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். கடைசி இரண்டு எண் தெளிவாக விழவில்லையாம், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தேன். ஆபீஸ் வாசலில் ஏழு படி, சாய்தளம் கிடையாது. ஒருவர்கூட அந்தக் கம்பியைத் தள்ளி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கவில்லை. சோதிக்க வேண்டியதே அதைத்தானே!