137-ஆம் நெடுஞ்சாலையில் இருப்பது விஷப்புகை அல்ல

கலிபோர்னியாவின் துலாரே கவுன்டி வழியாகப் போகும் 137-ஆம் மாநில நெடுஞ்சாலையில் "ரசாயனப் புகை பரவுகிறது, மூச்சு விட்டாலே ஆபத்து" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது தவறு.

பருத்தி விளையும் கோர்கரனையும் ஆரஞ்சுத் தோப்புகள் சூழ்ந்த லிண்ட்சேயையும் துலாரே ஊர் வழியாக இணைக்கிற சிறு சாலை இது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே இறங்குவது 'டூலி ஃபாக்' என்னும் தரையோர மூடுபனி. மழை பெய்து மண் நனைந்திருக்கும்; இரவு வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் தரையோரக் காற்று குளிர்ந்து ஈரம் பனியாகிவிடும். சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு என்பதால் எளிதில் கலையாது. டூலி என்பது அங்குள்ள சதுப்புக் கோரையின் பெயர். பள்ளத்தாக்கின் தூசும் மாசும் அதில் சிக்குவது உண்மைதான், ஆஸ்துமா உள்ளவர்கள் கவனமாக இருக்கட்டும். அதற்காக அது விஷவாயு ஆகிவிடாது.

உண்மையான ஆபத்து, எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான். சாலையோர வெள்ளைக்கோடு மட்டும்தான் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. 2007 நவம்பரில் ஃபிரெஸ்னோ அருகே 99-ஆம் நெடுஞ்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் மோதிக்கொண்டது இந்தப் பனியில்தான். லோ பீம் விளக்கு போட்டு, மெதுவாக, இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

பனி எச்சரிக்கையைத் தேசிய வானிலைச் சேவையின் ஹான்ஃபோர்டு அலுவலகத்திலும், சாலை நிலவரத்தை மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் குவிக்மேப் என்ற இணைய வரைபடத்திலும் பார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.