கோஷா வீட்டுக்குள் போக முடிந்த ஒருத்தி

துப்பறியும் நாவலில் ஆணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் மீது எனக்கு வெகுநாளாகக் கோபம். அவள் பெண்ணாக இருந்ததால்தான் துப்புத் துலங்கியது என்று காட்ட, கதையில் ஒரு காரணமாவது வேண்டாமா?

சுஜாதா மாஸி 2018-இல் எழுதிய 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' நாவலில் அந்தக் காரணம்தான் கதையே. 1921, பம்பாய். பெர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண் அப்பாவின் சட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சட்டம் படித்தும் நீதிமன்றத்தில் எழுந்து வாதாட முடியாது. பெண்களுக்கு இருந்த அந்தத் தடையை நீக்கும் சட்டம் 1923-இல்தான் வந்தது. அதனால் உயில், பத்திரம் என்று காகிதங்களோடு கிடக்கிறாள்.

அப்படி ஒரு நாள் கைக்கு வரும் காகிதம் அவளை உறுத்துகிறது. இறந்துபோன மில் முதலாளி ஒமர் ஃபரீதின் மூன்று மனைவிகளும், நிக்காஹ்வில் கணவன் தங்களுக்கென்று தர ஒப்புக்கொண்ட மஹர் சொத்தை, வக்ஃபு என்ற அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுக்கிறார்களாம். ஒருத்தி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் பெருக்கல் குறி. கையெழுத்தே போடத் தெரியாதவள் இதைப் படித்துப் பார்த்தா சம்மதித்திருப்பாள்?

மூன்று பேரும் கோஷாப் பெண்கள், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள். (சென்னைக்காரர்களுக்குக் கோஷா ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அதே கோஷாதான்.) அந்த வீட்டில் ஒரு கொலை விழுகிறது. அந்நிய ஆண் முகம் பார்க்காத பெண்களைப் போலீஸ்காரர் எப்படி விசாரிப்பார்? பெர்வீனால் மட்டும்தான் உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியிடமும் பேச முடிகிறது.

இது வெறும் கற்பனையும் இல்லை. 1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதிய கார்னிலியா சோராப்ஜி, 1904 முதல் வங்காளத்தில் கோஷாப் பெண்களின் சொத்து விவகாரங்களைக் கவனித்தவர். பெர்வீன் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நடுநடுவே, முன்பு பெர்வீன் கல்யாணமாகிப் போன கல்கத்தா வாழ்க்கை வருகிறது. கொலையை விட்டு எங்கேயோ போகிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் மாமியார் அவளை ஒரு சின்ன அறைக்குள் ஒதுக்கிவைக்கிறார். 'வீட்டுக்குத் தூரம்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த அறையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கணவன் விலைமாதரிடம் போவது அன்றைய பார்சிச் சட்டப்படி விவாகரத்துக்குப் போதுமான காரணம் இல்லை. பிரிந்து வாழ அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள வழியில்லை.

தனியாக, சுயமாக நிற்கும் பெண் என்று அவளைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சின்ன அறையிலிருந்து வெளியே வந்தவள் என்பதால்தான், மலபார் ஹில் வீட்டுப் பெண்கள் பேசாமல் விடுவதும் அவள் காதில் விழுகிறது. படிக்கிறவர்கள் தயவுசெய்து கல்கத்தா அத்தியாயங்களைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.