ஒரு நாளுக்கு நாலரை ரூபாய்

நேற்று நான் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். விபத்தில் என் கால் ஊனமானதற்குக் கிடைத்த ஆறரை லட்சம் நஷ்டஈட்டைப் பற்றி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா எழுதிய அந்த ஒரு வரி. "காலைக் கொடுத்து பாத்ரூம் கட்டியாச்சு, நமக்கெல்லாம் யார் ஆறரை லட்சம் தர்றா?" பின்னால் மூன்று சிரிப்புப் பொம்மைகள். பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் வேறு தூக்கியிருந்தார்கள். அதில் நான்கு பேர் ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே நின்று அழுதவர்கள்.

"பெரியவர் விளையாட்டாகச் சொன்னார், விட்டுவிடு" என்று ராத்திரி வரை போன். விட்டுவிடலாம் என்றுதான் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

நான் காலை விற்கவில்லை. 2018 நவம்பரில் பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். சரக்கு வேன் ஒன்று கைகாட்டாமல் திரும்பியது. தொடையெலும்பும் முழங்காலும் போயின. மூன்று ஆபரேஷன், உள்ளே கம்பியும் பிளேட்டும். மெடிக்கல் போர்டு 35 சதவீதம் நிரந்தர ஊனம் என்று எழுதியது. இப்போது நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். சேலை கட்டிக்கொண்டு வகுப்பில் நின்றால் ஒன்றும் தெரியாது. தொல்லையே அதுதான்.

நஷ்டஈடு கேட்டு விபத்து வழக்குத் தீர்ப்பாயத்தில் கேஸ் போட்டேன். வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டதும் அதைத்தான். அதே பள்ளியில்தான் வேலையா? ஆமாம். சம்பளம் குறைந்ததா? இல்லை. இங்க்ரிமென்ட் வந்ததா? வந்தது. "அப்போ என்னதாம்மா நஷ்டம்?"

குத்தவைத்து உட்கார முடியாது சார். அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அறை முழுக்க ஆண்கள், நான் ஒரு டீச்சர். கக்கூஸ் கதையை எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. டாக்டர் சர்டிபிகேட்டில் எழுதியிருந்ததை என் வக்கீல்தான் எழுந்து வாசித்தார். சம்மணமிட்டு உட்கார இயலாது, குத்துக்காலிட இயலாது, படி ஏறுவதில் சிரமம். அந்த பாத்ரூம், சித்தப்பா, மேற்கத்திய பீங்கானும் சுவரில் இரண்டு கைப்பிடிகளும். மாளிகை இல்லை.

சம்பளம் குறையாவிட்டால் நஷ்டமே இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்தே காட்டியிருக்கிறது. இடது கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகும். அரசு குமாஸ்தாவுக்கு வேலை தொடரலாம். அப்படித் தொடர்ந்தால் வருமான இழப்பு என்று எதுவும் தர வேண்டிய தேவைகூட இல்லாமல் போகலாம். ஆனால் கை போனதால் வாழ்க்கையில் இழந்ததற்கு அவருக்கும் தனியாகக் கொடுக்கலாம் என்கிறது அந்தத் தீர்ப்பு. நஷ்டஈட்டுக் கணக்கில் வலிக்கு ஒரு தலைப்பு, வாழ்க்கையில் இழந்ததற்கு இன்னொரு தலைப்பு. நான் கேட்டது அந்த இரண்டாவதை.

அதற்கு எங்கள் வக்கீல் தமிழில் சொன்ன பெயர் 'வசதி இழப்பு'. எங்கள் அத்தை அதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு என்னடி வசதி குறைந்துபோச்சு, ரெண்டு சம்பளம் வருதே" என்றார். அந்த வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நினைக்கிறேன். ஏசியும் காரும் போனதாக ஊர் நினைத்துக்கொண்டது.

எனக்குப் போனது என்னவென்று சொல்கிறேன். மார்கழி என்றால் எங்கள் தெருவில் இருபத்தொரு புள்ளி சிக்குக்கோலம் என் வாசலில்தான். இப்போது நான் நிலைப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இடப்பக்கம் வளைங்க, இன்னும், இன்னும்" என்கிறேன். என் வீட்டுக்காரர் குனிந்து போடுகிறார். ஜாங்கிரி மாதிரி வருகிறது. அவரைத் திட்டிவிட்டு நான் உள்ளே போய் அழுதிருக்கிறேன், பாவம், அது அவருக்குத் தெரியாது. ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து விரலைப் பிடித்து 'அ' போடவைத்தவள் நான். இப்போது பிள்ளைகள் என்னை அண்ணாந்து பார்த்துப் படிக்கிறார்கள்.

இதற்குத் தீர்ப்பாயம் கொடுத்தது ஐம்பதாயிரம். சித்தப்பா சொல்லும் ஆறரை லட்சத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் ஆஸ்பத்திரி பில். மீதியில் ஊனத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மூவாயிரம் என்ற கணக்கு, சம்பளமில்லா விடுப்பு, வலி, ஆட்டோ, 'சத்துணவு'. விபத்தின்போது எனக்கு வயது 42. எழுபத்திரண்டு வரை இருந்தேன் என்றால் முப்பது வருஷம், 10,950 நாள். ஐம்பதாயிரத்தை வகுத்துப் பாருங்கள், நான் கணக்கு டீச்சரும்கூட. ஒரு நாளுக்கு நாலரை ரூபாய்ச் சொச்சம். எங்கள் பஸ் ஸ்டாண்டில் அதற்கு ஒரு முழு டீகூட வராது.

பொய் கேஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள், பிடித்து உள்ளே போடுங்கள். என் எக்ஸ்ரேயை வேண்டுமானால் அனுப்புகிறேன்.

வேன்காரன் ஏழையாச்சே என்று ஒரு தோழி கேட்டாள். அது எனக்கும் உறுத்தியதுதான். அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்கு ஆறு சாத்துக்குடியோடு வந்து வாசலிலேயே நின்றான், என் தம்பி அடிக்கப் போனான். ஆனால் பணம் கொடுத்தது அவன் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் வைத்திருப்பதே இதற்குத்தான். சித்தப்பா, உங்கள் புல்லட்டுக்கும் கட்டுகிறீர்கள், எதற்கு என்று நினைத்தீர்கள்?

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி: பணம் வாங்கினால் கால் திரும்பி வருமா? வராது. வராது என்பது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாள் காலையிலும் கட்டிலிலிருந்து காலை இறக்கும்போது தெரிகிறது. வராததால்தானே பணம். அதே கேள்வியை ஆண்பிள்ளை யாராவது கேஸ் போட்டிருந்தால் கேட்டிருப்பீர்களா? அவனுக்கு "உரிமை, விடாதே மாப்ளே" என்றிருப்பீர்கள். பொம்பளை கேட்டால் காசாசை. "விதி, அனுபவிச்சுத்தான் ஆகணும்" என்று பெரியம்மா சொன்னதுகூடப் பரவாயில்லை, அவர் தன் முழங்காலுக்கும் அதையேதான் சொல்கிறார். கட்டைவிரல் தூக்கிய அந்தப் பதினோரு பேர்தான் போகவில்லை மனதை விட்டு. போன மாதக் கல்யாணத்தில் எல்லோரும் தரையில் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்தபோது எனக்கு மட்டும் சுவரோரம் ஸ்டூல். அப்போது ஒருவர்கூட என் பக்கம் வந்து உட்காரவில்லை. ஆறரை லட்சம் அந்த ஸ்டூலிலும் என்னோடுதான் இருந்ததோ என்னவோ.

வரும் ஞாயிறு சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. நான் வரவில்லை. மொய்யை ஜிபேயில் அனுப்பிவிடுகிறேன். யாராவது கேட்டால் கால் வலி என்று சொல்லிவிடுங்கள், பொய்யில்லை.