கொழும்புக்குப் போகும் நாளை வைத்துக் காரைத் தெரிவு செய்யாதீர்கள்

கம்பனி கார் தருகிறது, பெற்றோலா டீசலா என்று கேட்கிறது என்றால் எங்கள் ஊரில் பெரும்பாலானோர் யோசிக்காமலே டீசல் என்பார்கள். ஏன் என்று கேட்டால், "டீசல் உழைக்கும், கொழும்புக்குப் போய்வர நல்லது" என்று பதில் வரும். ஒரு காலத்தில் அது சரியான பதில்தான். இன்றைய டீசல் கார்களுக்கு, அதுவும் திருகோணமலை நகருக்குள்ளேயே பெரும்பாலும் ஓடுகிறவர்களுக்கு, அது பிழையான பதில் என்பது என் கருத்து. கோபப்படுகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது இதுதான் பேச்சு. அக்காவின் மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. கம்பனி இரண்டு கார்களைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறது. ஒன்று 1.5 லீற்றர் டர்போ பெற்றோல், மிதித்தால் பறக்கிற வகை. மற்றது 2 லீற்றர் டீசல். இரண்டும் புதியவை அல்ல. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள் என்பதால், கம்பனிகளின் கையில் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை. இந்த வயதுக் கணக்கை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

அத்தான் டீசல் கட்சி. முன்பு ஹையேஸ் வான் ஓடியவர், அவரிடம் வேறு பதிலை எதிர்பார்க்க முடியாது. அக்காவும் டீசல். மருமகனுக்குப் பெற்றோல் கார்தான் வேண்டும். வேகமாகப் போகும் என்பதுதான் காரணம், ஆனால் வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? அதனால் "முந்தும்போது பாதுகாப்பு, மாமா" என்கிறான். பையன் விற்பனைப் பிரிவில் இருப்பது வீண்போகவில்லை.

அவனுடைய காரணத்தை முதலில் பார்ப்போம். நகர எல்லைக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதிவேக நெடுஞ்சாலை எதுவும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏ6 வீதியில் கந்தளாயைத் தாண்டி ஹபரணை வரை யானை எப்போது குறுக்கே வரும் என்று தெரியாது. நகருக்குள் வந்தால் கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் வீதியில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூச்சியத்திலிருந்து நூறுக்கு எத்தனை செக்கனில் போகும் என்ற விளம்பரக் கணக்கை இங்கே எந்த இடத்தில் ஓடிப் பார்க்கப் போகிறான்?

ஆனால் முந்துவதைப் பற்றி அவன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சீனக்குடாப் பக்கமிருந்து வரும் சீமெந்து லொறி, மா லொறி, எண்ணெய் பவுசர் ஆகியவற்றின் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது தெரியும். லொறி 45இல் போகும். எதிரே வெறுமையாக இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் 45இலிருந்து 70க்குக் கார் எவ்வளவு விரைவாக எழும்புகிறது என்பதுதான் உயிர் காக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் டீசல் தோற்காது. 2 லீற்றர் டர்போ டீசல் நிமிடத்துக்கு 1,750 சுற்றுக்கு அருகிலேயே முந்நூறு நியூட்டன் மீற்றருக்கு மேல் முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலத்தை, தந்துவிடும். 1.5 லீற்றர் டர்போ பெற்றோல் எஞ்சினின் உச்சம் 220, 240 அளவில்தான். பெற்றோல் கார் வேகமானது என்று நாம் உணர்வது அது உயர்ந்த சுற்றில் கத்திக்கொண்டு ஓடும்போது. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் லொறியைத் தாண்டுவதற்கு இரண்டும் போதும். ஆக மருமகனின் காரணம் தேறவில்லை.

இருந்தும் பெற்றோல் காரையே எடு என்றுதான் அவனுக்குச் சொன்னேன்.

அவனுடைய கிழமை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வீடு உவர்மலையில். அலுவலகம் நகருக்குள். பகலில் உப்புவெளி ஹோட்டல்கள், நிலாவெளி, சில நாள் சீனக்குடா. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்து போவான், அக்கா விடமாட்டார். எந்த ஓட்டமும் சில கிலோமீற்றர்தான், பல ஓட்டங்கள் எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்கு முன்பே முடிந்துவிடும். கொழும்புக் கூட்டம் மாதத்தில் ஒரு முறை. சுமார் 260 கிலோமீற்றர் தூரமுள்ள அந்த ஒரு பயணத்தை மனதில் வைத்துத்தான் வீட்டில் எல்லோரும் டீசல், டீசல் என்கிறார்கள். மீதி நாளெல்லாம் அந்த எஞ்சின் என்ன பாடுபடும் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தானின் பழைய வானில் டீசலை அழுத்திக் கொடுக்கும் பம்ப் ஒன்று இருந்தது, புகை வந்தால் பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்வார், அவ்வளவுதான். இப்போதைய டீசல் காரில் புகைக் குழாயின் வழியில் ஒரு கரி வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் கக்கும் நுண்ணிய கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பியதும் அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் சுமார் 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் வர, சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடமாவது விடாமல் ஓட வேண்டும். டீசல் எஞ்சின் பெற்றோலைவிடத் திறனானது, அதாவது வீணாக்கும் வெப்பம் குறைவு. அதனாலேயே மெதுவாகச் சூடேறும். உவர்மலையிலிருந்து இறங்கி அலுவலக வாசலில் நிறுத்துகிறவனின் வடிகட்டி எப்போது சூடாகப் போகிறது?

சூடாகாத இடத்தில் கார் தானாகவே முயன்று பார்க்கும். கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சிப் புகையைச் சூடாக்கப் பார்க்கும். எரியத் தொடங்கிய நேரத்தில் நாம் வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திவிடுவோம். எரியாமல் மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். இது திரும்பத் திரும்ப நடந்தால் வடிகட்டி அடைபட்டு, விளக்கு எரிந்து, ஒரு கட்டத்தில் காரே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்தக் கார் ஏற்கெனவே வேறு ஒருவரிடம் ஓடி வந்த பழைய கார். அதன் வடிகட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இதற்கு ஊர்க் கராஜ்களில் ஒரு கைவைத்தியம் உண்டு. வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, கணினியில் எஞ்சினுக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிடுவார்கள். கார் நன்றாக இழுக்கும், சாரதிக்கும் மகிழ்ச்சி. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே முதலாம் பிரிவில் வகைப்படுத்திவிட்டது. பாடசாலை விடும் நேரத்தில் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே அந்தப் புகையை விட்டுக்கொண்டு போகும் காரில் என் மருமகன் இருக்க வேண்டாம். கம்பனிச் சொத்தை வெட்டியதற்கு யார் பதில் சொல்வது என்பது வேறு கதை.

அடுத்தது எரிபொருள். இப்போதைய டீசல் கார்களில் இருப்பது கொமன் ரெயில் எஞ்சின், அதாவது எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. அதில் டீசல் ஆயிரக்கணக்கான மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் மயிரிழை போன்ற துளைகளால் பீச்சப்படுகிறது. தண்ணீரோ தூசோ அந்தத் துளைகளுக்கு ஆகாது. கந்தகம் கூடிய சாதாரண ஒட்டோ டீசல் வடிகட்டிக்கும் ஆகாது. அதற்குச் சுப்பர் டீசல் அடிக்க வேண்டும். அது எல்லா நிரப்பு நிலையங்களிலும் கிடைப்பதில்லை. நீதியாகச் சொன்னால், அந்தப் பெற்றோல் டர்போவும் 92 அல்ல, 95 ஒக்டேன் கேட்கிறது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் அவன் ஓடும் வட்டம் நகரைச் சுற்றியது, நகரில் 95க்குப் பஞ்சமில்லை.

"டீசல் மலிவுதானே" என்பது அத்தானின் கடைசி ஆயுதம். 2021 டிசம்பரில் 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபா, ஒட்டோ டீசல் 121. அப்போது அவர் சொல்வது கணக்குக்குப் பொருந்தியது. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. ஆறு மாதத்தில் 56 ரூபா வித்தியாசம் 10 ரூபாவாகச் சுருங்கியது. இந்தக் கார்கள் கேட்கும் ரகங்களைப் பார்த்தால் அப்போது 95 பெற்றோல் 550, சுப்பர் டீசல் 520. அரசாங்கம் போட்ட விலையை நம்பி எஞ்சினைத் தெரிவு செய்தவர்களுக்கு அந்த ஆறு மாதமே போதுமான படிப்பினை.

அந்த நாட்களை இந்த ஊரில் நினைத்தால் சிரிப்பும் வருகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் கட்டிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில் 99 நிற்கின்றன. அவற்றை இந்தியாவுடன் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் 2022 ஜனவரியில்தான் கைச்சாத்தானது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் தாங்கிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள் கியூஆர் அட்டையுடன் வரிசையில் நின்றோம். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த நேரத்தில் டீசல்காரர்கள் சற்றே மேல்தான், அதே 20 லீற்றரில் அறுபது கிலோமீற்றர் அளவு கூடுதலாக ஓடினார்கள். ஆனால் கொழும்புக்குப் போய்த் திரும்ப இருவருக்குமே போதவில்லை.

உண்மையான சேமிப்பு எவ்வளவு? டீசல் ஒரு லீற்றரில் பெற்றோலைவிடச் சுமார் பத்து வீதம் கூடுதல் சக்தி இருக்கிறது, எஞ்சினும் அதை நன்றாகப் பயன்படுத்துகிறது. மாதம் 600 கிலோமீற்றர் ஊருக்குள் ஓடுகிறவருக்குப் பெற்றோல் கார் லீற்றருக்கு 10, டீசல் 13 கொடுக்கிறது என்று வைப்போம். 60 லீற்றருக்குப் பதில் 46. இரண்டையும் லீற்றர் 300 ரூபா என்று எடுத்தால் மாதம் 4,200 ரூபா மிச்சம். டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டர்களின் விலையைக் கேட்டுவிட்டு இந்த மிச்சத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

"இன்ஜெக்டர் காசு கம்பனிதானே கொடுக்கும்" என்று அக்கா கேட்டார். கொடுக்கும். ஆனால் கார் கராஜில் கிடக்கும் நாட்களைக் கம்பனி கொடுக்காது. சரியான ஸ்கேனரும் ஆளும் தேடி கொழும்புக்குத்தான் இழுத்துப் போக வேண்டிவரும், அதுவரை அவன் ஓட்டோவில் உப்புவெளிக்குப் போய் விற்பனை இலக்கை எட்ட வேண்டும்.

இதற்கிடையில் லண்டனில் இருக்கும் மச்சானும் தொலைபேசியில் வந்து டீசல் என்றார். அவருடைய அறிவுரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரித்தானியாவில் 2002 ஏப்ரலிலிருந்து கம்பனிக் கார் மீதான வரியைக் கார் வெளியிடும் காபனீரொட்சைட்டின் அளவை வைத்துப் போட்டார்கள். டீசல் அதைக் குறைவாக விடும் என்பதால், டீசலுக்கென மேலதிக வீதம் ஒன்று இருந்தும் அங்கே கம்பனிக் கார்க்காரர்கள் டீசலுக்குத் தாவினார்கள். பிறகு 2015இல் டீசல் கார்களின் புகைப் பரிசோதனையில் வொக்ஸ்வாகன் செய்த மோசடி வெளியானது. 2019 ஏப்ரலில் லண்டன் நடுவில் புகை வலயம் வந்து, யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் கீழான டீசல் கார்களுக்கு நாளாந்தக் கட்டணம் போட்டார்கள். பெற்றோலுக்கு யூரோ 4 இருந்தாலே போதும். மச்சான் தன் டீசலை விற்றுவிட்டதாகக் கேள்வி. அறிவுரையை மட்டும் இன்னும் விற்கவில்லை. இங்கே இறக்குமதி வரி சிலிண்டர் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுகிறது. அதனால்தான் ஒரு லீற்றர் டர்போ பெற்றோல் கார்கள் இத்தனை இந்த நாட்டில் ஓடுகின்றன. அவர் நாட்டுக் கணக்கு அவருக்கு.

டீசலுக்கு நான் எதிரி என்று எண்ண வேண்டாம். காலையில் புல்மோட்டை, மறுநாள் மூதூர், சேருவில, வெருகல் என்று ஓடும் வெளிக்கள உத்தியோகத்தர் என்றால் டீசல்தான், இரண்டாம் பேச்சே இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு அந்தப் பக்கம் ஒரே ஓட்டமாகப் போக முடிகிறது, எஞ்சினும் வடிகட்டியும் நன்றாகச் சூடேறும். ஏற்றிச் செல்லப் பொருள் இருந்தால் காரையும் விட்டுவிட்டு டபிள் கப் கேளுங்கள். கிழமைதோறும் கொழும்புக்குப் போகிறவருக்கும் டீசல் பொருந்தும். ஹைபிரிட் எடுக்கலாமே என்கிறவர்களுக்கு: எடுக்கலாம், கம்பனி காட்டிய இரண்டில் அது இல்லை.

கார் எது என்பதைவிட மருமகனை நான் நச்சரிப்பது எரிபொருள் கொடுப்பனவைப் பற்றி. அது லீற்றரிலா, ரூபாவிலா? லீற்றர் என்று எழுதியிருந்தால் விலை எங்கே போனாலும் அவன் ஓடும் தூரம் குறையாது. ரூபா என்று எழுதியிருந்தால், 2022இல் பலருக்கு நடந்தது போல, மாதத்தின் பாதியில் சொந்தக் காசு இறங்கும். கார் கிடைக்கும் சந்தோஷத்தில் கடிதத்தின் இந்த வரியை யாரும் வாசிப்பதில்லை. சொந்தத் தேவைக்கு ஓடும் கிலோமீற்றருக்கு யார் காசு, டயர் யார் பொறுப்பு, வேலையை விட்டால் காரை வாங்கிக்கொள்ளலாமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அவன் ஒருவழியாகக் கேட்டான். கொடுப்பனவு ரூபாவில்தானாம், அதுவும் 92இன் விலையை வைத்துப் போட்டிருக்கிறார்களாம். கார் கேட்பது 95. அந்த வித்தியாசம் 2022 ஜூன் விலையில் லீற்றருக்கு 80 ரூபா. லீற்றர் கணக்கில், 95 என்று ரகத்தையும் குறித்துத் தரும்படி கணக்குப் பகுதிக்கு எழுதியிருக்கிறான், பதில் வரும் வரை எந்தச் சாவியையும் வாங்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கம்பனிகளில் இந்தக் கணக்கை 95க்கு மாற்றி எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.