செலினியம் நஞ்சாவதற்குக் கந்தகத்தின் இடத்தைப் பிடிப்பது மட்டும்தான் காரணமா?

உடலுக்குச் சிறிதளவே தேவைப்படும் தாதுவான செலினியம், அளவு மிஞ்சும்போது புரதங்களில் கந்தகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் செல்கள் பாழாகின்றன என்று இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கந்தகமுள்ள அமினோ அமிலமான சிஸ்டீனின் இடத்தில், அதன் செலினிய வடிவமான செலினோசிஸ்டீன் தவறாக நுழைந்து தாவரப் புரதங்களைக் குலைப்பது உண்மைதான். ஆனால் கந்தகமுள்ள இன்னொரு அமினோ அமிலமான மெத்தியோனினுக்குப் பதிலாகச் செலினோமெத்தியோனின் அமர்ந்தால் பெரும்பாலான புரதங்கள் வழக்கம்போலவே இயங்குகின்றன (புரதப் படிகங்களை ஆராய்வோர் அதை வேண்டுமென்றே புகுத்த முடிவதும் இதனால்தான்). செலினியத்தின் உப்பு வடிவமான செலினைட்டின் வழியோ வேறு: அது, செல்லைக் காக்கும் சிறு மூலக்கூறான குளுட்டாதயோனோடு வினைபுரிந்து, படிப்படியாக ஒடுக்கமடைந்து, ஹைட்ரஜன் செலினைடாக மாறுகிறது, அது ஆக்சிஜனோடு சேரும்போது சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் செல்லைத் தாக்கும் பொருள்கள் உருவாகி, டி.என்.ஏ. இழைகள் அறுபடும் அளவுக்குச் சேதம் விளைகிறது. செல்லைக் காக்க வேண்டிய குளுட்டாதயோனே இங்கு கேட்டிற்குத் துணைபோகிறது என்பதைக் கட்டுரை தொடவேயில்லை. தருமபுரி மாவட்டத்து அரூர் அருகே நாங்கள் வளர்த்த ஆட்டுக்குட்டி ஒன்றுக்கு, வைட்டமின் ஈ கலந்த செலினைட் ஊசியை ஒருவர் போட்டது தெரியாமல் அன்றைக்கே இன்னொருவரும் போட்டுவிட, மூச்சிரைத்து விடிவதற்குள் இறந்துபோனது. புரதங்களில் மெல்ல நிகழும் இடமாற்றம் இத்தனை விரைவாகக் கொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. சத்து மாத்திரை எவ்வளவு சாப்பிட்டாலும் கெடுதலில்லை என்று மேலே பின்னூட்டம் எழுதியுள்ள நண்பருக்கு: பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவையான செலினியம் சுமார் 55 மைக்ரோகிராம், அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) வகுத்த உச்ச வரம்பு 400 மைக்ரோகிராம், ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்துப் பல் கறுத்த தருமபுரிக்காரர்களுக்கு, அளவு மீறினால் கேடு என்ற இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.