மைனஸ் இரண்டுக்கு மார்க் வெட்டியது அநியாயமா?

பாளையங்கோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கால்குலஸ் விடைத்தாள் சுற்றுகிறது. எக்ஸ் வர்க்கத்தின் தலைகீழியை (1/x²) −1 முதல் 1 வரை தொகையிட, அதாவது அதன் வரைகோட்டுக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையிலுள்ள பரப்பைக் காணச் சொன்ன கணக்கு. மாணவர் விடை −2, கிடைத்தது சுழி. “ஃபார்முலா சரி, விடை சரி, மார்க் மட்டும் இல்லை” என்கிறது தலைப்பு. என் மைத்துனரும் கொதித்துப்போய் அனுப்பியிருந்தார்.

விடை தப்பு. வர்க்கத்தின் தலைகீழி எப்போதும் மிகை எண். கோடு முழுக்க அச்சுக்கு மேலே கிடக்கும்போது பரப்பு எப்படி மைனஸ் ஆகும்? பூச்சியத்தில்தான் வம்பு. எக்ஸ் 0.1 என்றால் மதிப்பு 100, 0.01 என்றால் 10,000. 0.01 முதல் 1 வரை பரப்பு 99, 0.001-லிருந்து 999. பூச்சியத்தை நெருங்க நெருங்க எல்லையில்லாமல் ஏறும். முடிவான விடையே கிடையாது.

மாணவர் போட்டது இரு முனை மதிப்பையும் கழிக்கும் ஃபார்முலா. அதற்கு இடைவெளி முழுக்கத் தொடர்ச்சி வேண்டும், கோடு எங்கும் அறுபடக் கூடாது. நெல்லையில் தாமிரபரணி மேலுள்ள சுலோச்சன முதலியார் பாலம் நடுவில் அறுந்து கிடந்தால் ஜங்ஷனிலிருந்து கொக்கிரகுளத்துக்கு நடந்துவிட முடியுமா?

பிளஸ் டூவிலேயே படிநிலைக்கு மார்க் உண்டு. கல்லூரியில் அந்தப் படி செல்லுமா என்றும் பார்ப்பார்கள். ஆனாலும் தொகையீட்டைச் சரியாக எழுதியதற்கு ஒரு மார்க் போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.