ஷெல்டோனியன் கல் அரித்தது மழையால் மட்டுமல்ல

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு அரங்கான ஷெல்டோனியன் பற்றிய ஒரு கட்டுரை, அதன் சுவர் மழையால் அரித்ததாகச் சொல்கிறது. முதல் குற்றவாளி நிலக்கரிப் புகை. 1669இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் இதைக் கட்டி முடித்தபோது பயன்பட்டது பக்கத்து ஹெடிங்டன் குவாரியின் மென்மையான சுண்ணக்கல். செதுக்க எளிது, ஆனால் புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அதன் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றிவிடும். மழை நேராகக் கழுவும் இடத்தில் அது கரைந்து போகும். சுவரின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸுக்கு அடியில் கழுவப்படாமல் கருப்புப் பொருக்காகத் தங்கும். பிறகு கொப்பளித்து உரியும், உள்ளே வெறும் பொடிதான். அதனால்தான் 20ஆம் நூற்றாண்டில் முகப்புக்குக் கிளிப்சம் என்ற ஊரின் கெட்டியான சுண்ணக்கல் வந்தது.

அரங்கின் வேலித் தூண்கள் மேலுள்ள தாடி வைத்த கல் தலைச் சிற்பங்களும் அப்படியே. 1868இல் மாற்றிய தொகுதி நூறாண்டுக்குள் முகம் தெரியாமல் தேய்ந்தது. இப்போது நிற்பவை 1970களின் தொடக்கத்தில் செதுக்கியவை.

இத்தகைய சுவரைப் பழுதுபார்ப்பவர்கள் இணைப்புகளில் சிமென்ட் பூசவே கூடாது. ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லுக்குள் திரும்பும், உப்பு அங்கே படிகமாகிக் கல் விளிம்பை உடைக்கும். கல்லைவிட மென்மையான சுண்ணாம்புக் கலவைதான் சரி. புதுக் கல்லைப் படுகை (கல்லின் இயற்கை அடுக்கு) கிடைமட்டமாக இருக்கும்படி வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஏடு ஏடாகப் பெயரும்.

நீளமான மரம் கிடைக்காமல், துண்டு மரங்களைக் கோத்தே சுமார் 70 அடி அகலக் கூரையை ரென் தூணின்றித் தாங்கவைத்ததைக் கட்டுரை தொடவே இல்லை. அது பெரிய குறை.